வராந்தாவில் ஓர் அம்மா

டார்வின்
3 மார்ச் 1999

அன்புள்ள கோரல் அக்காவுக்கு,

தங்கை ஆட்ரி. இங்கே மழை இன்னும் விடவில்லை. துணி காயாமல் வீடே ஈர நாற்றம் அடிக்கிறது. மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டி எப்படி இருக்கிறது? நாய்கள் பெருகியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா?

நேற்று எமு போர் ஊர்க் கடைக்குப் போன் போட்டேன். உன் தமாராவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். கை முறிந்து கட்டுப் போட்டிருக்கிறது, அம்மா வீட்டுக்கே வந்துவிட்டேன் என்று சொல்லி அழுதாள். மேற்கொண்டு கேட்பதற்குள் பின்னால் யாரோ, "யாரு, டார்வின்காரியா? அங்க கோழி என்ன விலைன்னு கேளு" என்றார்கள். அந்தக் கடைப் போனில் பேசுவதும் கால்பந்து மைதானத்து மைக்கில் பேசுவதும் ஒன்றுதான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னாள். தன் பிள்ளை கியாவைக் குழந்தைகள் நலத்துறைக்காரர்கள் டவுனுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நாலு வயதுப் பிள்ளை, அக்கா. நான் இரவெல்லாம் தூங்கவில்லை.

எங்கள் பழங்குடிப் பெண்கள் சட்ட உதவி மையத்தில் பிரான்சஸ் என்று ஒரு வக்கீல் இருக்கிறாள். வெள்ளைக்காரிதான், ஆனால் கெட்டிக்காரி. டவுன் கோர்ட்டில் மனுப் போடுகிறேன் என்கிறாள். நீ வந்து, "பிள்ளை என் வீட்டில் இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

இது நம் வீட்டில் மட்டும் நடக்கிற கதையில்லை. அடி தாங்காமல் போலீஸைக் கூப்பிடுகிறார்கள். போலீஸ் வந்த மறுநாள் நலத்துறை வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறது. இப்போது நம் பெண்கள் போலீஸைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். சட்டத்தை மாற்றச் சொல்லி அரசாங்கத்தின் மறுஆய்வுக் குழுவிடம் கேட்கப் போகிறோம். உனக்குக் காகிதம் என்றால் ஆகாது, தெரியும். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

என்ன நடந்தது என்று விவரமாக எழுது. தமாராவின் தலையை எனக்காகத் தடவிக் கொடு.

உன் தங்கை
ஆட்ரி


எமு போர்
12 மார்ச்

ஆட்ரிக்கு அக்கா எழுதுவது.

முட்டியும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே ரோந்து வண்டியில் ஏறி இறங்குகின்றன. நாய் ஏழு. ராத்திரி என்னோடு ஊரைச் சுற்றி ரோந்து வரும் பெண்கள் எல்லாரும் சுகம், உன்னை விசாரித்தார்கள்.

தமாரா ஊரின் மேற்குப் பக்கத்தில் வாழப்போன வீட்டிலிருந்து செருப்பில்லாமல் நடந்து வந்தாள். ஒரு கை தொங்குகிறது, மறு இடுப்பில் பிள்ளை. கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். போலீஸ்காரர் வந்து, அடித்த ஆள் கிட்டே வரக்கூடாது என்று ஒரு தடை உத்தரவைக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல காகிதம், தடிமனாக இருக்கிறது.

மறுநாள் நலத்துறையிலிருந்து இரண்டு பெண்கள். ஃபிரிட்ஜைத் திறந்தார்கள், மெத்தையை எண்ணினார்கள், கதவை ஆட்டிப் பார்த்தார்கள். "இதுக்குப் பூட்டு இல்லையாம்மா?" என்றாள் ஒருத்தி. "பூட்டு எதுக்கு? நான்தான் வராந்தாவுல படுத்திருக்கேனே" என்றேன். "நீங்க படுத்திருந்தா போதுமா?" "போதும்." ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். என்னவோ எழுதிக்கொண்டார்கள். பாதுகாப்பில்லாத வீடாம். பிள்ளையைக் காரில் ஏற்றும்போது அவள் காலில் ஒரு செருப்புதான் இருந்தது. மற்றது இங்கே ஜன்னலில் இருக்கிறது.

மேற்குப் பக்கத்து ஆளைப் பற்றி நான் எழுத மாட்டேன். பெயரும் சொல்ல மாட்டேன். மாமியார் இருக்கிற பக்கம் மருமகன் தலைவைத்துக்கூடப் படுக்காத ஊர் இது என்று உனக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. நான் வராந்தாவில் இருக்கும்வரை இந்த முற்றத்தில் கால் வைக்க மாட்டார். போலீஸ் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். என்னை என்ன செய்வார்?

கோர்ட்டுக்கு வருகிறேன். எந்த பஸ், என்றைக்கு, உள்ளே யார் யார் இருப்பார்கள், எல்லாம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத் துணியைப் போட்டுக்கொள்ளாதே.

கோரல்


டார்வின்
22 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் வந்ததும் பிரான்சஸுக்குப் படித்துக் காட்டினேன். செருப்பு வரும் இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டாள்.

விசாரணை ஏப்ரல் பதினான்கு. முந்தின நாள் பஸ்ஸில் ஏறு. டிக்கெட் கடையில் உன் பெயரில் இருக்கும். அந்த நீலப் பாவாடையைக் கட்டிக்கொள், அது உனக்கு எடுப்பாக இருக்கும். கோர்ட்டில் குளிர் அதிகம், போர்வை ஒன்று கொண்டுவா. மத்தியானச் சாப்பாடு என் பொறுப்பு. கேட்டதற்குச் சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும், பத்து நிமிஷ வேலை. நானும் பக்கத்திலேயே இருப்பேன்.

மாத்திரையை மறக்காதே.

தங்கை
ஆட்ரி


டவுன்
15 ஏப்ரல்

அக்கா,

பஸ் கிளம்பும்போது கை காட்டினேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. சுகமாக வீடு சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

மாஜிஸ்திரேட் எழுதிய உத்தரவை பிரான்சஸ் இன்று படித்துக் காட்டினாள். உனக்கும் தெரிய வேண்டும். "சாட்சி உள்ளே வந்ததும் எதிரே இருந்த ஆளைக் கண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூன்று முறை கேட்டும் பதில் இல்லை. இவ்வளவு பயப்படுகிறவரால் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாது." அடுத்த விசாரணைவரை கியா வளர்ப்புக் குடும்பத்தில்தான் இருக்க வேண்டுமாம்.

உனக்குப் பயம் என்று அவர் நேற்று கோர்ட்டிலேயே சொன்னார். எழுந்து, "இது பயமில்லை ஐயா, எங்கள் முறை. மருமகன் இருக்கிற இடத்தில் மாமியார் முகம் காட்டக்கூடாது, பேசக்கூடாது" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க அந்தம்மாவோட கூடப் பிறந்த தங்கச்சிதானே? அப்ப நீங்களும் மாமியார்தானே? நீங்க மட்டும் எப்படி நின்னு பேசுறீங்க?" என்று கேட்டார்.

நான் நகரத்தில் வேலை பார்க்கிறவள் என்று என்னவோ உளறினேன். "அப்ப இது இஷ்டப்பட்டா வெச்சுக்கிற முறைதான்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

பத்து நிமிஷம் நீ சமாளித்திருக்கலாமே, அக்கா. பிள்ளைக்காக. இரண்டு வார்த்தை போதுமே. பதில் எழுது.

ஆட்ரி


டார்வின்
18 மே

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? பதிலே இல்லை. கடைப் போனில் இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் நீ குளிக்கப் போயிருப்பதாகச் சொன்னார்கள். எமு போரில் தண்ணீர் அவ்வளவு தாராளமாக வருகிறது என்று எனக்குத் தெரியாது.

திட்டியாவது எழுது.

ஆட்ரி


எமு போர்
30 மே

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

தமாரா எழுதுகிறேன். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கை கொஞ்சம் கோணல், ஆனால் பேனா பிடிக்க முடிகிறது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? குரல் மெலிந்து போனதாகக் கடைக்காரர் சொன்னார்.

அம்மாவுக்கு நான் எழுதுவது தெரியாது. தெரிந்தால், "ஊர்க்கதையெல்லாம் எழுதி அனுப்பு, ஸ்டாம்பு மலிவுதானே" என்பாள்.

உத்தரவைப் பற்றி அம்மாவுக்குக் கோபம் இல்லை. நான் வாசித்துக் காட்டியதும் சிரித்தாள். "பயமா? யாருக்கு யாரு பயம்? என்னைப் பார்த்ததும் அந்தப் பக்கமும் தரையத்தான் பார்த்துட்டு இருந்தாங்க. அந்தக் கண்ணாடிக்காரருக்கு ஒரு பக்கம்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள். கோபமெல்லாம் உங்கள் மேல்தான். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, சின்னம்மா. நீங்களும் எனக்கு அம்மாதானே. அம்மாவுக்கு என்ன முறையோ அதுதான் உங்களுக்கும். நீங்கள் அவர் முகத்துக்கு நேரே நின்று பேசினீர்கள்.

மேற்குப் பக்கத்தில் அவர் இப்போது பேசிக்கொண்டு திரிகிறாராம்: "சின்ன மாமியார் வெள்ளைக்காரி ஆயிட்டாங்க. அவங்களுக்கு முறை கெடையாது. இனி நான் அவங்களுக்கு ஒதுங்க வேண்டியதில்ல. கொஞ்ச நாள்ல பெரியவங்களுக்கும் ஒதுங்க வேண்டியதில்ல." இது அம்மா காதுக்கு வந்த அன்று அவள் சாப்பிடவில்லை.

இரண்டு தடவை ரோட்டு முனைவரை வந்தார். ரோந்து வண்டி நிற்பதைப் பார்த்துத் திரும்பிவிட்டார். அதனால் அம்மா வெளியூர் எங்கேயும் போவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கேட்டால் மாவு சேரவில்லை என்கிறாள்.

கியாவை வாரம் விட்டு வாரம் ஒரு மணி நேரம் பார்க்க விடுகிறார்கள். வைத்திருக்கிறவர்கள் நல்ல மாதிரிதான். தனி அறை, தனிக் கட்டில் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். தனியாகப் படுத்தே பழக்கமில்லாத பிள்ளை, தலையணைகளைச் சுற்றி அடுக்கி ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறாள். அதில் ஒன்றுக்கு உங்கள் பெயர்.

அம்மாவுக்கு எழுதுங்கள். அவள் தபால் லாரி வரும் நாளில் கடை வாசலில்தான் நிற்கிறாள்.

தமாரா


டார்வின்
10 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையைக் கேட்கிறேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை.

நீ யார் யார் இருப்பார்கள் என்று கேட்டிருந்தாய். அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீ வரமாட்டாய் என்று சொல்லாமல் விட்டேன். உள்ளே வந்த பிறகு எப்படியாவது பேசிவிடுவாய் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, அக்கா. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மறுஆய்வுக் குழுவிடம் பிரான்சஸும் நானும் மூன்று விஷயம் கேட்டிருக்கிறோம். அம்மா போலீஸைக் கூப்பிட்டாள் என்பதற்காகப் பிள்ளையை எடுக்கக்கூடாது. எடுக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் அவளுக்கு ஒரு வக்கீலைக் கூப்பிட்டுத் தர வேண்டும், யாரோ வீட்டுக்கு அனுப்பும் முன் சொந்தக்காரர் வீட்டைப் பார்க்க வேண்டும். முகம் பார்க்கக்கூடாத உறவில் இருப்பவர்கள் வேறு அறையிலிருந்து சாட்சி சொல்ல விட வேண்டும்.

முதல் இரண்டும் அவர்களுக்குப் புரிகிறது. மூன்றாவதையும், அதோடு நான் எழுதிய உன் வராந்தாக் கதையையும் படித்துவிட்டு விழிக்கிறார்கள். "ஒரு மனுஷனைப் போலீஸ் தடுக்க முடியாதப்ப, வராந்தாவுல உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மா எப்படித் தடுப்பாங்க?" என்று குழுத் தலைவி கேட்கிறார். ஹார்கிரீவ் அம்மாள் என்று பெயர், ரிட்டயர்டு நீதிபதி. நேரே வந்து பார்க்கத் தயார் என்கிறார். வரச் சொல்லட்டுமா? நானும் கூட வரட்டுமா?

தங்கை
ஆட்ரி


எமு போர்
21 ஜூன்

ஆட்ரிக்கு.

முட்டி பரவாயில்லை. வயிறு சும்மா.

யார் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். நீ பாவாடை நிறம் எழுதினாய்.

அந்த அம்மாளை வரச் சொல். ஹாலில் உட்கார மாட்டோம். கிழக்குப் பக்கத்து ஓடை மணலில் உட்காருவோம், பெண்கள் மட்டும். டை கட்டினவர்கள் யாராவது கூட வந்தால் கடையில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடட்டும். சுட்டுத் தின்னக் கங்காரு வால் உங்கள் ஆபீஸ் வாங்கித் தர வேண்டும், ஒரு பெட்டி.

நீ இப்போது வர வேண்டாம்.

கோரல்


எமு போர்
2 ஆகஸ்ட்

ஆட்ரிக்கு அக்கா.

சுகமாக இருக்கிறாயா? இங்கே ராத்திரி தண்ணீர்க் குழாய் உறைகிறது. நாய்கள் ஏழும் என் போர்வைக்குள்.

உன் ஹார்கிரீவ் அம்மாள் வந்துவிட்டுப் போனார். விமானம் இறங்கும் மைதானத்துக்கு நானே ரோந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். முன் சீட்டில் அவர், பின்னால் பிரான்சஸும் ஓர் இளம் பெண்ணும். அந்தப் பெண் எதைச் சொன்னாலும் எழுதுகிறது. நாய் குரைத்ததையும் எழுதியது.

வால் வாங்கக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். கதவு திறந்தது. யார் வெளியே வந்தது என்று எழுத மாட்டேன், உனக்குத் தெரியும். ஒரு தோளில் மாவு மூட்டை, கையில் ஐஸ்கிரீம். பார்த்ததும் நான் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிட்டேன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு. ஹார்கிரீவ் அம்மாள் பதறிப்போய், "ஐயோ, இவங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு, நர்ஸைக் கூப்பிடுங்க" என்கிறார். "எனக்கு ஒண்ணும் ஆகல. வெளிய என்ன நடக்குதுன்னு பாருங்க" என்றேன் உள்ளேயிருந்து.

அதற்குப் பிறகு நடந்தது நான் பார்க்காதது. பிரான்சஸ் சொல்லித்தான் தெரியும். ஆறடி ஆள், கால்பந்தில் நடுவில் ஆடுகிற ஆள், மாவு மூட்டையைப் போட்டுவிட்டுக் கடைக்குள்ளேயே திரும்பி ஓடியிருக்கிறார். பின் கதவு பூட்டு. கடைக்காரர், "டேய், அந்தப் பக்கம் வழியில்லடா" என்று கத்துகிறார். சரக்கு இறக்கும் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, குப்பைத் தொட்டியில் விழுந்து, வேலியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய்ச் சேர்ந்தாராம். ஐஸ்கிரீம் மட்டும் கையில் அப்படியே இருந்ததாம்.

ஹார்கிரீவ் அம்மாள் இறங்கிப் போய் அந்த மாவு மூட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "யாரு அவரைத் துரத்துனது?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். போர்வையை எடுத்துவிட்டுப் பார்த்தால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது. "இவரு பேர்ல எத்தனை தடை உத்தரவு இருக்குது?" என்று பிரான்சஸைக் கேட்டார். "மூணு." "ஒரு தடவையாவது இப்படி ஓடியிருக்காரா?" பிரான்சஸ் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

ஓடை மணலில் வாலைச் சுட்டுப்போட்டு, பொழுது சாயும்வரை பேசினோம். வீட்டில் படுவதைப் பற்றிப் பதினைந்து வருஷமாக வாயைத் திறக்காத மார்ஜரிகூடப் பேசினாள். தமாராவும் பேசினாள். நான் ஒன்றுதான் சொன்னேன். "எங்க முறை நல்ல வேலி. ஆனா குடிச்சவன் கண்ணுக்கு வேலி சில நாள் தெரியாது, ஒரு நாள் நான் செத்தும் போவேன். அதனால உங்க சட்டமும் வேணும். ஆனா எங்க வேலியைப் பிடுங்கிட்டு உங்க வேலியைப் போடாதீங்க." அந்தப் பெண் எழுதிக்கொண்டது.

உன்னைப் பற்றி அந்த அம்மாள் கேட்டார். என் தங்கச்சி, கெட்டிக்காரி என்று சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

கோரல்


டவுன்
14 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்ன பதில்களை இந்த ஊரே பேசுகிறது. உடம்பு தேவலையா? குரலில் களைப்புத் தெரிந்தது.

குழுவின் இடைக்கால அறிக்கையை மனுவோடு சேர்த்துக் கொடுத்தோம். அதனால்தான் நீ கிளினிக் போனிலிருந்தே சாட்சி சொல்ல அனுமதி கிடைத்தது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் இந்த முறை உள்ளே போகவில்லை. நடைபாதையில், கதவுக்கு இந்தப் பக்கம், சுவரைப் பார்த்து நின்று கேட்டேன். கோர்ட் காவலர், "உடம்பு சரியில்லையாம்மா?" என்றார். "உடம்பு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அதே கண்ணாடிக்காரர்தான். "அவர் உங்க வீட்டுக்கு வருவாரா?" என்று கேட்டார். "வரமாட்டார்." "எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" "நான் இருக்கேனே" என்றாய். உள்ளே யாரும் சிரிக்கவில்லை, அக்கா. பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கியா வீட்டுக்கு வருகிறாள். வியாழக்கிழமை தமாராவிடம் ஒப்படைப்பார்கள். ஒரு நிபந்தனை: கோரல் அந்த வீட்டில் வசிக்கும்வரை. பிரான்சஸ் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கோர்ட் வாசலிலேயே அழுதாள். நானும்தான்.

செருப்பை ஜன்னலிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வை. கால் வளர்ந்திருக்கும், ஆனாலும் வை.

தங்கை
ஆட்ரி


எமு போர்
20 அக்டோபர்

ஆட்ரிக்கு அக்கா எழுதுவது.

பிள்ளை வந்துவிட்டாள். முதல் நாள் ராத்திரி எனக்கும் தமாராவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, கால் ஒருத்தி மேல், தலை ஒருத்தி மேல். செருப்பு பத்தவில்லை. இப்போது நாய்க்குட்டி அதைக் கடிக்கிறது. வீட்டில் மறுபடியும் சத்தம். எனக்கு ஏதோ பாரம் இறங்கின மாதிரி இருக்கிறது.

இனி நான் மறைத்து எழுதாத ஒன்று. வயிறு சும்மா இல்லை. பித்தப்பையில் கல்லாம், ஒரு பிடி இருக்கிறதாம். டவுன் ஆஸ்பத்திரியில் படுத்தே ஆக வேண்டும் என்கிறார் டாக்டர். இத்தனை மாதம் தள்ளிப்போட்டேன், வராந்தாவை விட்டு எப்படிப் போவது? இப்போது அந்தக் கோர்ட் காகிதமும் இருக்கிறது. நான் வீட்டில் இல்லையென்றால் பிள்ளையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். பிரான்சஸிடம் பேசினேன். "கோரல் அல்லது அவருடைய தங்கை" என்று மாற்றி வாங்கித் தருகிறாளாம்.

காகிதத்தை அவள் மாற்றுவாள். மேற்குப் பக்கம் மாறுமா என்று எனக்குத் தெரியாது. நீ கோர்ட்டில் நின்றதற்குப் பிறகு உனக்கு ஒதுங்குவார்களா, மாட்டார்களா, யார் கண்டது? ஆனால் தமாராவுக்கு என்னை விட்டால் நீதான் அம்மா.

வா. போர்வை கொண்டு வர வேண்டாம், என்னுடையது இருக்கிறது.

கோரல்


எமு போர், உன் வராந்தா
13 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாகக் கண் விழித்தாய் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் சொன்னாள். எடுத்த கல்லை ஜாடியில் போட்டுத் தரச் சொல்லித் தகராறு செய்தாயாம். சாப்பிடச் சொன்னதைச் சாப்பிடு. இங்கே எல்லாரும் சுகம், நாய்கள் உள்பட. அவற்றுக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஆனால் என் மேல்தான் படுக்கின்றன.

முதல் செய்தி. நேற்று காலை பிரான்சஸ் கடைக்குப் போன் செய்தாள். நம் திருத்தம் சட்டசபையில் நிறைவேறிவிட்டது. மூன்றும். நான் நம்பாமல், "மூணாவதுமா? தனி அறையுமா?" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். மார்ஜரி என் கையிலிருந்து போனை வாங்கி, "ஏம்மா, அப்ப இனிமே போலீஸைக் கூப்பிட்டா பிள்ளை வீட்டிலேயே இருக்குமா?" என்று அவளையே கேட்டாள். பதிலைக் கேட்டதும் அங்கேயே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கோழி விலை கேட்கவில்லை.

இரண்டாவது செய்தி நேற்று சாயங்காலம். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய் என்று ஊருக்கே தெரியும். ரோந்து வண்டி வாசலில் நின்றாலும் அதில் நீ இல்லை என்று மேற்குப் பக்கத்துக்கும் தெரியும். வந்த நாளிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை, அக்கா. சத்தம் கேட்கிறபோதெல்லாம், கோர்ட்டில் நின்ற என் காலை நானே திட்டிக்கொண்டேன்.

தமாரா உள்ளே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கியா என் மடியில். ரோட்டு முனையில் நாய்கள் குரைத்தன. கியா, "அப்பா வர்றாரு" என்றாள். நான் நிமிரவில்லை. உன் போர்வையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். கோர்ட்டில் நீ உட்கார்ந்த மாதிரியே. கண்ணுக்கு முன்னால் உன் வீட்டுச் சுவரும் அதில் ஒரு பல்லியும் மட்டும்தான். என்ன நடக்கிறது என்று கியாவைத்தான் கேட்க வேண்டும். பயம்தான், மறைக்க மாட்டேன்.

"எங்க இருக்காரு?" என்று கேட்டேன்.

"வேலிகிட்ட."

"என்ன பண்றாரு?"

"நிக்கிறாரு. உங்களைப் பார்க்கிறாரு, பாட்டி."

ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. தமாராவும் உள்ளே மூச்சு விடாமல் நிற்கிறாள் என்று தெரிந்தது.

"இப்ப?"

"இப்ப பார்க்கல. தொப்பியை முகத்துல இறக்கிக்கிட்டாரு."

"இப்ப?"

"திரும்பிட்டாரு." பிறகு சிரித்தாள். "பாட்டி, ஓடுறாரு."

எனக்கு ஒதுங்கினார், அக்கா. எனக்கும் ஒதுங்கினார். போர்வைக்குள்ளேயே அழுதேன். தமாரா வந்து பின்னாலிருந்து கட்டிக்கொண்டு, "என்னம்மா?" என்றாள். எப்போதும் சின்னம்மா என்பாள்.

கருகின ரொட்டியை எல்லாரும் சாப்பிட்டோம். நீ அவசரப்பட்டுக் கிளம்பி வராதே. தையல் ஆறும்வரை படுத்திரு. வராந்தாவில் ஆள் இருக்கிறது.

தமாராவின் இன்னொரு அம்மா
ஆட்ரி